வழங்கப்படலாகாமை

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினாய் என்று சண்டைக்கு வருவார். எழுதாவிட்டால், என் பேரை எழுத உனக்குக் கை வலிக்குதா என்று வருவார். எப்படியும் சண்டை உண்டு என்பதால், தெருவே கூப்பிட்டபடி மலேசியாக்கா என்று சொல்லிவிடுகிறேன். இப்போது அவர் காஞ்சிபுரத்தில் இல்லை. மகளுக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்து இரண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள். ஆனாலும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் இன்றைக்கும் தண்ணீர் லாரி வருகிறது என்றால் அதற்கு அவர் வாய்தான் காரணம்.

ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஓட்டலில் வேலை பார்க்கப் போன ஐயம்பேட்டைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரோடு இங்கே வந்து சேர்ந்தார். மலேசியத் தமிழர் பேச்சில் வார்த்தையின் கடைசியில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும். பதினேழு வருடத்தில் அக்கா எங்களைப்போலவே வந்துக்கினு, போய்க்கினு என்று பேசப் பழகிவிட்டார். கோபம் வந்தால் மட்டும் அந்த ‘லா’ தானாக வெளியே வரும். “அது எப்படிலா?” என்று கேட்டுவிட்டார் என்றால் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கோடையில் தண்ணீர் லாரி பக்கத்துத் தெருவோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெரு குறுகலாம், வண்டி நுழையாதாம். மலேசியாக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு பட்டுப்புடவை. முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். டிரைவர் கத்தினார், பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன, இவர் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கவுன்சிலரே வந்தார்.

“தேரு நுழையுது, குப்பை வண்டி நுழையுது, ஓட்டு கேக்கச்சொல்ல உங்க ஜீப்பு நுழையுது. தண்ணி லாரி மட்டும் நுழையாதா? அது எப்படிலா?”

மறுநாள் லாரி நுழைந்தது. நான் இதையெல்லாம் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தை மட்டும் தயாராக வைத்திருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு கடை. டைப் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது எல்லாம் உண்டு. பிரிண்டும் ஜெராக்ஸும் ஒரே மெஷின். அதன் டிரம்மில் ஒரு கீறல். அதனால் வெளியே வரும் ஒவ்வொரு தாளிலும் வலது ஓரமாக, மேலிருந்து கீழே, மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு விழும். மலேசியாக்காவைத் தவிர யாரும் குறை சொன்னதில்லை. நான் எந்த வம்புக்கும் போகாதவன். இதை நல்ல குணம் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பயம் என்பது எனக்குத் தெரியும்.

தெருக்கோடி வீட்டுப் பெரியவரோடு அக்கா போட்ட சண்டையையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் காலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அது முடியும்வரை வண்டி எதுவும் போக முடியாது. ஒருநாள் அக்காவின் மகளுக்குப் பரீட்சை.

“அர மணி பொறும்மா, எடுத்துர்றேன்” என்றார் பெரியவர்.

“பரீட்சை பொறுக்குமா? தெருவ உங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா? அது எப்படிலா?”

கேட்டதோடு நிற்கவில்லை. இரண்டு கையாலும் பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மகளைக் குனிந்தபடி ஸ்கூட்டியைத் தள்ளச் சொன்னார். இழைகள் சில அறுந்தன. பெரியவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவர், நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போய், அவர் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கப் பிணைக்க, நுனியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சண்டை போட்ட வீட்டுக்கே திரும்பிப் போய் உட்காரும் துணிச்சல் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை.

இப்படிப்பட்டவருக்குப் பயம் வந்தது கணவர் போன பிறகுதான். அவர் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இந்தியாக்காரரின் மனைவி என்ற முறையில்தான் அக்காவுக்கு இங்கே விசா. அதை நீட்டிக்கப் போகும்போதெல்லாம், கணவர் எங்கே என்ற கேள்வி வரும். மகள் அப்பாவைக் கொண்டு பிறப்பிலேயே இந்தியக் குடிமகள். அம்மா இன்னும் மலேசியா.

“நாளைக்கே முடியாதுன்னுட்டா, பாப்பா இங்க நான் அங்க. ஒரே அடுப்புல சமைக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு நாடு. அது எப்படிலா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே என் கடைக்குள் வந்தார். குடியுரிமைக்கு மனுப் போடவேண்டும் என்றார்.

அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இங்கே வசித்திருக்க வேண்டும். அது அவருக்கு இருந்தது. ஆனால் மனுப் போடுவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம் முழுக்க நாட்டை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் மூன்று மாதம் பாக்கி இருந்தது. அந்த மூன்று மாதத்துக்குள்தான் ஈப்போவில் அவர் அம்மா இறந்துபோனார்.

கடைக்கு வந்து, “நாலு நாள்ல போய்ட்டு வந்துட்டா?” என்று கேட்டார். விசேஷக் காரணம் காட்டினால் மன்னிப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். மன்னிக்காமலும் போகலாம். அப்படிப் போனால் முதலில் இருந்து எண்ண வேண்டும். அதைத்தான் சொன்னேன். அவர் அன்றைக்கு அது எப்படி என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், குக்கர் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, அம்மாவை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். நடுவில் சிக்னல் நின்றுபோனது என்று அவர் மகள் சொன்னாள்.

மனுவோடு, தமிழ் தெரியும் என்பதற்கும் சான்றிதழ் வைக்கவேண்டும் என்று வந்தபோதுதான் பழைய குரல் கொஞ்சம் திரும்பியது. “நான் தமிழச்சிலா! எனக்குத் தமிழ் தெரியும்னு இன்னொருத்தர் எழுதித் தரணுமா?” என்று ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் அறையில் நின்று கால் மணி நேரம் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுவே போதும்மா, பரீட்சை எல்லாம் வைக்க வேணாம்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நன்னடத்தைக்கு இந்தியக் குடிமக்கள் இரண்டு பேர் உறுதி கொடுக்க வேண்டும். ஒருவர் கணவரோடு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இன்னொருவன் நான். ‘இவர் நல்ல ஒழுக்கமுள்ளவர் என்று உறுதியளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்முன் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன். நாளைக்கு இவர் யாரையாவது அடித்து வைத்தால் என்னையல்லவா கூப்பிடுவார்கள்?

பிறகு பத்திரிகை அறிவிப்பு. இன்னார் குடியுரிமை கேட்கிறார், கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம் என்று ஊர் அறிய விளம்பரம் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். ‘மேற்படியாருக்கு அக்குடியுரிமை வழங்கப்படலாகாமைக்கான காரணம் யாதேனும் அறிந்தோர் அதனை எழுத்து மூலம் கையொப்பமிட்டு அனுப்பலாம்’ என்று எழுதினேன். வழங்கப்படலாகாமை என்ற சொல் நானே கட்டியது. சர்க்கார் கம்பீரம் வந்துவிட்டது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த அறிவிப்பு வந்த நாளில் இருந்து மலேசியாக்கா வாயை மூடினார். தெருவில் யாரைப் பார்த்தாலும், இவர் எழுதுவாரோ, அவர் எழுதுவாரோ என்ற நினைப்பு. பதினேழு வருடத்தில் அவர் சண்டை போடாத வீடு எது? பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் வாசலில் தண்ணீரைக் கொட்டினார்கள். பேசாமல் துடைப்பத்தால் தள்ளினார். ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இடத்தில் ஆறு பேரைத் திணித்தார்கள். ஓரமாக ஒடுங்கிக்கொண்டார். லாரிக்காரர் சில நாள் தெருமுனையோடு திரும்பிப் போனார். குடத்தோடு நின்ற நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் குனிந்துகொண்டு முடிச்சுப் போட்டார்.

“அம்மாவப் பாத்தா பயமா இருக்குதுண்ணா” என்றாள் அவர் மகள். எனக்கும் இருந்தது. சத்தம் போடுகிறவர் அமைதியாகிவிட்டதும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல இருந்தது.

அறிவிப்பு வந்து ஒரு வாரம் இருக்கும். தெருக்கோடி வீட்டுப் பெரியவர் பேப்பரோடு என் கடைக்கு வந்தார்.

“அந்தம்மாவப் பத்தி யாரு வேணா எழுதலாம்னு போட்டுக்குதே, பாத்தியாபா? தண்ணி லாரி வந்ததுலருந்து என் பாவுக்குக் கஞ்சி போடத் தண்ணிக்குக் கஷ்டமே இல்ல. நம்மால ஆனது ஒண்ணு எழுதி அனுப்பலாம்னு வந்தேன். நான் சொல்றேன், நீ அடி.”

ஆட்சேபணை இருந்தால் மட்டும்தான் எழுதவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் ஆரம்பித்துவிட்டார். சொல்கிறவரை நிறுத்தி எனக்குப் பழக்கம் இல்லை. நல்லதைத்தானே எழுதுகிறார், நல்லதால் என்ன கெடுதல் வரப்போகிறது என்று அடித்துக் கொடுத்தேன்.

‘ஐயா, மேற்படி அம்மாள் எங்கள் தெருவுக்கு வந்ததில் இருந்து ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. தண்ணீர் லாரியை நடுத்தெருவில் மறித்தார். கவுன்சிலரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். தெருவில் விரித்திருந்த பாவையே அறுத்தார். கண்ட இடத்தில் குப்பை போடுகிறவர்கள் இவரைக் கண்டால் நடுங்குகிறார்கள். இப்படிப்பட்டவர் நம் நாட்டுக்கு அவசியம் தேவை.’

அடுத்த மாதம் விசாரணைக்கு அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையானவர்தான். ஃபைலில் இருந்து ஒரு தாளை உருவி, கையெழுத்து இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தூக்கிக் காட்டினார்.

“உங்க மேல ஒரு ஆட்சேபணை வந்திருக்கும்மா.”

தாளின் வலது ஓரத்தில் மெல்லிசாகக் கறுப்புக் கோடு. அக்காவும் அந்தத் தாளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். லாரியை மறித்தீர்களா? மறித்தேன் சார். கவுன்சிலரை நிற்கவைத்தீர்களா? ஆமா சார். பாவை அறுத்தீர்களா?

“அறுத்தேன் சார். தப்புதான்” என்றார் மலேசியாக்கா. பரீட்சை என்று சொல்லவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து நுனி பிடித்ததைச் சொல்லவில்லை.

“கடைசியில கிண்டல் வேற பண்ணியிருக்காரு. நம் நாட்டுக்கு அவசியம் தேவையாம்” என்று தாளைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நன்னடத்தைன்னு நீங்கதானே உறுதி குடுத்திருக்கீங்க? என்ன சொல்றீங்க?”

இது கிண்டல் இல்லை சார், பாராட்டு, அடித்தவனே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆட்சேபணைக் கடிதத்தை அடித்தவனே உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றால் என்னை என்ன செய்வார்களோ என்று பயந்தேன்.

“நல்லவங்கதான் சார்” என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழி தாண்டியதும் கேட்டார்.

“யாரு எழுதியிருப்பாங்க தம்பி?”

“தெரியலக்கா.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே திரும்பிக்கொண்டார்.

மறுநாளில் இருந்து அவர் வீடு வீடாகப் போனார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் நெத்திலி வறுவலும் ஒரு டப்பாவில். என்றைக்கோ போட்ட சண்டைக்கு இன்றைக்கு மன்னிப்பு. பாதிப் பேருக்கு அந்தச் சண்டையே மறந்துபோயிருந்தது. எனக்கும் டப்பா வந்தது. என்னோடுதான் அவர் சண்டையே போட்டதில்லையே, எனக்கு எதற்கு என்று கேட்டேன். சும்மா சாப்பிடு தம்பி என்று சிரித்தார். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

பெரியவர் பதறிக்கொண்டு கடைக்கு வந்தார். “இன்னாபா ஆச்சு அதுக்கு? பாவ அறுத்தத மனசுல வெச்சுக்காதீங்கன்னு அழுவுது. கால்ல வுழப் போச்சுபா!”

அவரிடம் சொல்லிவிட்டேன். ஆட்சேபணை இருந்தால்தான் எழுத வேண்டுமாம் என்றேன். அவர் பழைய பேப்பரை எடுத்துவரச் செய்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, என் சொல்லின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இம்மாம் நீளத்துல ‘கூடாது’ எங்கபா இருக்குது?”

மறுநாள் காலையில் அவர் பாவு விரிக்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் அந்த அலுவலகத்துக்குப் போய், நான் திட்டவில்லை, புகழ்ந்துதான் எழுதினேன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தார். நேராக அக்கா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னார். யார் அடித்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஃபைல் நகர்ந்தது. பல மாதம் கழித்து, குடியுரிமை கொடுக்க ஒப்புதல், பழைய நாட்டை விட்டுவிட்டதற்கு அத்தாட்சி கொண்டுவா என்று கடிதம் வந்தது. அக்கா தன் சிவப்பு மலேசிய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அத்தாட்சியை அனுப்பிவிட்டு இந்தியச் சான்றிதழுக்குக் காத்திருந்த நாட்கள்தான் மோசம். அவர் ஸ்கூட்டியைத் தொடவில்லை. ரோட்டைக் கடக்க ஆள் துணை தேடினார். “இப்ப எதுனா ஆச்சுன்னா, நான் எந்த ஊருன்னு தம்பி எழுதுவாங்க?” என்று கேட்டார். அதில் ‘லா’ இல்லை. அப்போதும் வாரம் ஒரு தடவை டப்பா வந்துகொண்டிருந்தது.

சான்றிதழ் வாங்கிய நாள், உறுதிமொழி எடுத்த கையோடு என் கடைக்கு வந்தார். மகள் வாசலிலேயே நின்றுகொண்டாள். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அக்கா சான்றிதழை மேசையில் வைத்து, “ரெண்டு காப்பி” என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தக் கோடு” என்றார்.

“டிரம்முல கீறல்கா.”

“தெரியும். அன்னைக்கு ஆபீஸ்ல அவரு அந்தக் கடுதாசியத் தூக்கிக் காட்டச்சொல்லவே பாத்துட்டேன். என் ஃபைல் பூரா இந்தக் கோடுதான் இருக்குது, எனக்குத் தெரியாதாலா?”

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“பஸ்ஸுல உன்னக் கேட்டேன். தெரியலன்னு சொன்னே. பெரியவரு பாவம், அவருக்குப் புரியல. நோட்டீஸ் எழுதினவன் நீ. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கினு எப்படிலா அடிச்சே? ஆபீஸ்ல என் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தியே, அப்பவாச்சும் வாயத் தொறந்தியாலா? ‘தரக்கூடாது’ன்னு ஒரு வார்த்த எழுதத் தெரியாதா உனக்கு? அது எப்படிலா?”

“பயந்துட்டேன்கா.”

“நீ எதுக்குலா பயப்படறே? இங்கியே பொறந்தவன். உன்ன யாரு எங்க அனுப்புவாங்க? பயந்துக்கினு இருந்தது நானு. உன் கையெழுத்து அந்த ஃபைல்ல இருக்குதேன்னு, உன்னப் பாத்து சிரிச்சுக்கினு, சோறு பொங்கிக்கினு வந்து குடுத்துட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும், இதுக்காகப் போய்ப் பாக்காம விட்ட எங்கம்மா மொகம் ஞாபகம் வரும். வாய மூடிக்கினு போவேன்.”

பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகள் வந்து கையைப் பிடித்தாள், உதறிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது. என்னை மாதிரி ஆளுக்காக அவர் அதை அத்தனை நாள் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தார் என்பதுதான் தாங்கவில்லை.

மூச்சு வாங்க நின்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நகலையும் என் பக்கம் தள்ளினார்.

“கோடு இல்லாம எடுத்துக் குடு.”

மெஷினைத் திறந்து, டிரம்மைத் துணியால் துடைத்து, மறுபடியும் எடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இன்னும் இருக்குதுலா.”

மறுபடியும் எடுத்தேன்.